மாமரத்தில் தொங்கியது என் செருப்பு

என் சரோஜாக்காவுக்கு,

நல்லா இருக்கியாக்கா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வருகிறது. காலையில் எழுந்ததும் உன்னிடம் அதைக் கேட்டே பழகிய வாய். உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? "இன்னாடி வசந்தா, சத்தமே காணோம்?" என்று நீ எட்டிப் பார்த்தால் போதும். என் வீட்டுக் குழம்பிலிருந்து என் வீட்டுச் சண்டை வரைக்கும் உனக்குத் தெரிந்துவிடும்.

இப்போது அந்தச் சுவர் பக்கம் போக எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். நம்ம தெருக்காரர்கள் யாராவது இதைப் படித்தாலும் படிக்கட்டும். எனக்குத் தெரியாமல் இருந்தது அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்குமோ என்னவோ.

முதலில் வீட்டுச் சேதி. உன் வீட்டில் மாமா சோறு வடிக்கக் கற்றுக்கொண்டார். ரசத்தில் மட்டும் உப்பு ஜாஸ்தி. கம்பெனியில் உன் மிஷினில் வாணியம்பாடிப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். கெட்டிக்காரிதான். ஆனாலும் ஷூவின் மேல்பாகம் தைத்து செக்கிங்குக்காக என் டேபிளுக்கு வரும்போதெல்லாம் நான் உன் தையலைத் தேடுகிறேன். உன்மேல் இவ்வளவு கோபம் இருக்கும்போது அதுவும் நடக்கிறது.

கோபமா, எதுக்குடி என்று கேட்பாய். சொல்கிறேன்.

நம்ம ஊர்ப் பழக்கம் தெரியாதவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆம்பூரைச் சுற்றி எந்த மரம் காய்த்தாலும் அதில் ஒரு பழைய செருப்பு தொங்கும். கண் படக்கூடாது என்று. கட்டுகிற வீட்டில் தொங்கும், லாரிக்குப் பின்னால் தொங்கும். ஊரே தோலும் ஷூவுமாக இருப்பதால் செருப்புக்குப் பஞ்சமில்லை. வெளிநாட்டுக்குப் போக வேண்டிய ஷூ ஒற்றைக் காலாக யார் வீட்டுக் கொய்யா மரத்திலாவது ஆடிக்கொண்டிருக்கும். பார்க்கிறவர் கண் காயின்மேல் விழாமல் செருப்பின்மேல் விழுந்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இன்னார் கண்தான் பொல்லாதது என்று தெரிந்துவிட்டால் வேறு முறை. அவர் காலில் போட்டுத் தேய்த்த செருப்பையே எடுத்துவந்து கட்ட வேண்டும். அப்போதுதான் அந்தக் கண் திரும்பிப் போகுமாம்.

எனக்குப் பூனைக்கண். அப்பா வழியில் வந்தது. குடியாத்தத்தில் எங்கள் தெரு முழுக்கத் தறிச் சத்தம். அங்கே யாரும் என் கண்ணைப் பற்றிப் பேசியதில்லை. கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த பிறகுதான் என் முகத்தில் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்தது.

உனக்கு ஞாபகம் இருக்கும். தெருக்கோடி தனத்தின் வீட்டில் சுரைப்பந்தல். "எவ்ளோ காய் காய்ச்சிருக்குது!" என்று நான்தான் சொன்னேன். புதுப்பெண், நாலு பேரிடம் பேசிப் பழக வேண்டும் என்று சொன்னது. அந்த வாரமே காற்றும் மழையும் அடித்துப் பந்தல் சாய்ந்தது. மறுநாள் என் வாசலில் விட்ட செருப்பில் ஒன்றைக் காணோம். தேடிக்கொண்டு போனால், தனம் புதிதாக நட்ட கம்பில் அது தலைகீழாகத் தொங்குகிறது. குழாயடியில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் என்னைப் பார்த்துவிட்டு முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார்கள்.

ஒற்றைச் செருப்போடு நடுத்தெருவில் நின்று அழுதேன். நீ குடத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாய். அதற்கு முன்னால் நீயும் நானும் ஒரு வார்த்தை பேசியதில்லை. நேரே போய் அந்தச் செருப்பைப் பிடுங்கி என் காலடியில் போட்டாய்.

"இன்னா தனம், கம்ப ஒழுங்கா நடாம காத்துல வுழுந்துச்சு உன் பந்தல். அதுக்கு இந்தப் பொண்ணு கண்ணு இன்னா பண்ணும்?"

"உனக்கு வந்தாத் தெரியும் சரோஜா."

"வரட்டும். நாளைலேர்ந்து என் மாமரத்த இவதான் பாக்கப் போறா. டெய்லி பாக்கட்டும். என் மரத்துல ஒரு செருப்பு தொங்கினா அன்னிக்கு நான் சரோஜாவே இல்ல."

அப்படித்தான் நீ எனக்கு அக்கா ஆனாய். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! என் மகனுக்குக் கதை சொல்கிற வயதில் இதையும் ஒரு கதையாகச் சொல்லியிருக்கிறேன்.

சொன்னபடியே செய்தாய். இந்தத் தெருவில் காய்க்கிற மரங்களில் உன் மாமரம் ஒன்றுதான் வெறுமனே நின்றது. பங்குனி பிறந்தால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடுவாய். "வாடி, வந்து பாத்துட்டு எத பறிக்கலாம்னு சொல்லு." நான் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பேன். முதல் பழம் என் கைக்கு வரும். மாடிக்கு மட்டும் என்னைக் கூப்பிட்டதில்லை. "படிக்குக் கைப்பிடி கிடையாது, உன் காலுக்கு வேணாம்" என்பாய். என் இடது கால் சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருக்கும். அதை நினைத்துத்தான் சொல்கிறாய் என்று எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்ததும் நீதான். சூப்பர்வைசரிடம் நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "சார், இவளச் செக்கிங்ல போடுங்க. இவ கண்ணுக்கு ஒண்ணும் தப்பாது." தெருவில் எந்தக் கண்ணைச் சொல்லி ஏசினார்களோ அதே கண்ணுக்கு உள்ளே மரியாதை. தையல் ஒரு நூல் விலகினாலும் எடுத்து வைத்துவிடுவேன். நீ தைத்ததே திரும்பி வந்திருக்கிறது. நீ ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. சாப்பாட்டு நேரத்தில் என் டப்பாவில் உன் கருவாட்டை வைத்துவிட்டு, "இதுல இன்னா கொற இருக்குது பாத்து சொல்லு" என்று சிரிப்பாய்.

உன் மகள் கவிதா இரண்டு வீட்டிலும் வளர்ந்தாள். நீ ஓவர்டைம் பார்க்கிற நாளெல்லாம் அவள் என் வீட்டில்தான். தலை பின்னிவிட்டது, பெரியவளானபோது தண்ணீர் ஊற்றியவர்களில் ஒருத்தியாக நின்றது, ப்ளஸ் டூ பரீட்சைக்குக் கூடவே பஸ்ஸில் போனது எல்லாம் நான். அவள் என்னைச் சித்தி என்று கூப்பிட நீ சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகவே கூப்பிட்டாள்.

சத்துவாச்சாரியில் அவளைக் கட்டிக்கொடுத்தோம். முதல் தடவை உண்டாகி இங்கே வந்திருந்தபோது அவளுக்கு நான் மீன் குழம்பு வைத்துக் கொண்டுவந்தேன். "வயிறு எவ்ளோ அழகா இருக்குதுடி" என்று சொல்லித் தொட்டுப் பார்த்தேன். அந்த வாரமே கலைந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராண்டாவில் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். தெருவில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லித்தான் அழுதேன். நீ என் கையைப் பிடித்து உன் மடியில் வைத்துக்கொண்டாய். "பைத்தியம் மாதிரி பேசாதடி. கடவுள் குடுக்கல. உன் கண்ணுல இன்னா இருக்குது?" என்றாய்.

உன் கை சில்லென்று இருந்தது. அது துக்கம் என்று நினைத்தேன்.

மறுபடி அவள் உண்டானாள். வளைகாப்புக்கு நான் பட்டுப்புடவை எடுத்து மடித்து வைத்திருந்தேன். அன்றைக்குக் காலையில் நீ வந்து, "கலவை ஊர்ல இருக்கிற சின்னம்மாவ யாரும் நேர்ல போய்க் கூப்புடல. கோச்சுக்குவாங்க. நீ போய்க் கூட்டினு வந்துடேன், உன்னத்தான் அவங்களுக்குப் புடிக்கும்" என்றாய். பஸ் மாறிப் பஸ் மாறிப் போனேன். உன் சின்னம்மா படுக்கையில் இருந்தார்கள். எழுந்து உட்காரவே ஆள் வேண்டும். "நான் வர முடியாதுன்னு போன வாரமே சரோஜாகிட்ட சொல்லிட்டேனேம்மா" என்றார்கள். நான் திரும்பி வந்தபோது பந்தல் நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கவிதா கைநிறைய வளையலோடு வந்து, "எங்க சித்தி போனீங்க?" என்றாள். நீ தலையில் அடித்துக்கொண்டாய். "ஐயோ, எனக்கு இருந்த பேஜார்ல அவங்க சொன்னதே மறந்து போச்சுடி."

நம்பினேன் அக்கா. உனக்காக வருத்தப்படவும் செய்தேன். பாவம், எத்தனை வேலையை ஒருத்தி பார்ப்பாள் என்று.

பேரன் பிறந்து வீட்டுக்கு வந்தான். நான் வரும்போதெல்லாம் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். "இப்பதான்டி தூங்கினான்" என்பாய். கதவு பாதி சாத்தியிருக்கும். இந்தப் பக்கத்திலிருந்து அவன் அழுகிற சத்தம் கேட்டு ஓடி வந்தாலும், நான் வாசலை மிதிப்பதற்குள் தூங்கிவிடுவான். எப்போதாவது வெளியே கொண்டுவந்து காட்டினால் கன்னத்தில் ஒரு மைப்பொட்டு, நெற்றியில் ஒன்று, உள்ளங்காலில் ஒன்று. எல்லாக் குழந்தைக்கும் வைக்கிறதுதானே என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

அப்புறம் நீ படுத்தாய். ஈரலில் கட்டி என்று வேலூரில் சொன்னார்கள். நான் லீவு போட்டேன். கவிதா கைக்குழந்தைக்காரி, மாமாவுக்கு ஒன்றும் தெரியாது. உன்னைத் தூக்கி உட்கார வைத்தது, உடம்பு துடைத்தது, கஞ்சி ஊட்டியது எல்லாம் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். அதைச் சொல்லிக்காட்டவும் இல்லை. அத்தனை நாள் என் முகத்துக்கு நேரே படுத்திருந்தாயே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றுதான் கேட்கிறேன்.

நீ போவதற்கு முந்தின நாள் மத்தியானம். உன் உதட்டைப் பஞ்சால் நனைத்துக்கொண்டிருந்தேன். நீ கண்ணைத் திறந்து, "என்ன அப்படிப் பாக்காதடி" என்றாய். உடம்பு கரைந்துபோன வெட்கத்தில் சொல்கிறாய் என்று நான் எண்ணி, "நீ இன்னிக்கும் அழகுதான்க்கா" என்று சொல்லி உன் தலையைக் கோதினேன். நீ முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாய்.

எதற்காகச் சொன்னாய்? இப்போது அந்த ஒரு வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வெட்கமா? பயமா? சொல்லேன்.

உன் காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் காலை. மாடிமேல் சாய்ந்திருந்த கிளையை வெட்டினால்தான் மழைக்கு முன்னால் ஒழுகுகிற இடத்தைப் பூச முடியும் என்று மாமா மரம் ஏறுகிற ஏழுமலையைக் கூட்டிவந்தார். நான் டீ போட்டு எடுத்துக்கொண்டு உன் பின்கட்டுக்கு வந்தேன். ஏழுமலை மேலே இலைக்குள் மறைந்திருந்தான். திடீரென்று சிரித்தான்.

"இன்னா சார் இது, மேல ஒரு செருப்புக் கடையே வெச்சிருக்கீங்க?"

ஒன்று கீழே விழுந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் இரண்டு மூன்று சேர்ந்தாற்போல. தெருப்பிள்ளைகள் விளையாட்டுக்கு வீசியதாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு செருப்பைக் காலால் ஒதுக்கப் போனபோது பார்த்தேன். இடது கால் செருப்பு. குதிகாலில் வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்து சரிந்திருந்தது. அறுந்த வாரில் மெழுகு நூல் தையல் போட்டிருந்தது. அந்தத் தையல் என் தையல்.

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். கம்பெனியில் பார்ப்பது போலவே பார்த்தேன் அக்கா, வேறு மாதிரி பார்க்க எனக்குத் தெரியாது. எல்லாம் இடது கால். எல்லாவற்றிலும் அதே தேய்மானம். திருப்பத்தூர் சந்தையிலிருந்து நீயே எனக்கு வாங்கி வந்த ஊதாப் பட்டைச் செருப்பும் அதில் இருந்தது. வாசலில் விட்டதை நாய் தூக்கிப் போய்விட்டது என்று நீ சொன்னாயே, அன்றைக்கு உன் செருப்பைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு நீ வெறுங்காலோடு வந்தாயே, அது. நான் புதுச் செருப்பு வாங்கும்போதெல்லாம், "பழச குடுடி, குப்பை வண்டில போட்டுர்றேன்" என்று வாங்கிப் போவாயே, அதெல்லாம்.

சிலவற்றில் கயிறு இற்றுப்போய், மேலே புதுக் கயிறு போட்டிருந்தாய். பேரனுக்குத் தூளி கட்ட வாங்கிய நீல நைலான் கயிறு. அதன் மிச்சம். நீ படுக்கையில் விழுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் கட்டியிருக்க வேண்டும். மாடிப்படி ஏறி, கைப்பிடி இல்லாத படியில், ஈரல் நோவோடு.

மாமா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "அவ சொன்னா கேக்க மாட்டாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கவிதாவுக்குக் கலைந்த பிறகு பயந்துபோய்க் கட்டினாய் என்றால்கூட எனக்குப் புரியும். பெற்ற வயிறு. எதைச் சொன்னாலும் கேட்கும், யார்மேலும் சந்தேகப்படும். ஆனால் மெழுகு நூல் போட்ட அந்தப் பழுப்புச் செருப்பு? அதைப் போட்டுக்கொண்டுதான் நான் கவிதாவின் ப்ளஸ் டூ பரீட்சைக்குக் கூடப் போனேன். அப்போதே பயமா? அதற்கும் முன்னாலா? குழாயடியில் நீ சத்தியம் செய்துவிட்டு வீட்டுக்குள் போனதும், இப்படிச் சொல்லிட்டோமே என்று அன்றைக்கே பயம் வந்துவிட்டதா?

உள்ளே போனேன். கவிதா கட்டிலில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் கையில் இருந்த செருப்பைக் காட்டினேன். அவள் கேட்கவே இல்லை, என்ன சித்தி என்று. அதிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"உனக்குத் தெரியுமாடி?"

"தெரியும் சித்தி."

"எப்போலேர்ந்து?"

"சின்னதுலேர்ந்து. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினாங்க. சித்தி, அம்மாவுக்கு உங்க மேல உசுரு. உங்கள வுட்டு ஒரு நாள் இருந்ததில்ல. ஒவ்வொரு தடவ கட்டிட்டு வந்தும் மாடில உக்காந்து அழுவாங்க. ஆனா பயம். அத அவங்களால வுட முடியல."

"உனக்கு?"

அவள் அழுதாள். "நான் அதெல்லாம் நம்ப மாட்டேன் சித்தி" என்றாள். அப்படிச் சொல்லிக்கொண்டே, அவளுக்கே தெரியாமல், அவள் கை முந்தானையை இழுத்து மடியில் இருந்த பிள்ளையின் முகத்தை மூடியது.

அதைப் பார்த்தேன். அவளும் தன் கையைப் பார்த்தாள். நான் வந்துவிட்டேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஊரே என்னைப் பேசியபோது எனக்கு வலித்தது, ஆனால் ஒரு நாளும் நான் அதை நம்பியதில்லை. ஏன் தெரியுமா? நீ நம்பவில்லை. என்னை முழுசாகத் தெரிந்த ஒருத்தி நம்பவில்லை என்றால் அது பொய்யாகத்தானே இருக்க வேண்டும்? உன்னை வைத்துத்தான் நான் நிமிர்ந்து நடந்தேன். இப்போது நீயும் நம்பினாய் என்று தெரிந்த பிறகு நான் எங்கே போய் நிற்பது?

தெருவில் முருங்கை பூத்திருந்தால் தலையைக் குனிந்துகொண்டு போக ஆரம்பித்தேன். கம்பெனியில் மாசமாக இருக்கிற பெண் ஒருத்தி ஏதோ கேட்டாள், டேபிளைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னேன். கண்ணாடியில் என் முகத்தையே பார்க்கப் பிடிக்கவில்லை. உன் கட்டிகூட என்னால்தானோ என்று ஒரு நாள் தோன்றியது. நான் அழகுன்னு சொன்னதெல்லாம் என்ன ஆயிற்று என்று யோசித்து யோசித்து, எனக்கு நானே தனம் ஆகிவிட்டேன். நீ மாடியில் ஒளித்துக் கட்டிய பயம் என் தலையில் வந்து இறங்கியது. என் வீட்டுக்காரர், "ஒரு செருப்புக்கா இப்படிச் சாப்புடாம கெடக்குற?" என்று கேட்டார். அவருக்கு எப்படிச் சொல்வது?

கவிதா சத்துவாச்சாரிக்குப் போய்விட்டாள். போன் செய்தாள், நான் எடுக்கவில்லை. மறுபடி மறுபடி செய்தாள். அப்புறம் நிறுத்திவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அவள்தான். உன் வீட்டுக்குப் போகாமல் நேரே என் வீட்டுக்குள் வந்தாள். இடுப்பில் பிள்ளை. அவன் முகத்தில் ஒரு பொட்டும் இல்லை. கன்னத்தில் மை அழித்த கறை மட்டும் லேசாகத் தெரிந்தது.

"அவன் ஆயா, என் மாமியார், வெச்சு அனுப்பினாங்க. பஸ்ஸுலயே தொடச்சிட்டேன்" என்றாள். "பாருங்க சித்தி."

நான் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். "வேணாம்டி. அந்தாண்ட கூட்டினு போ. நாளைக்கு ஒண்ணுன்னா உன் மாமியார் உன்னத்தான் கேப்பாங்க."

"அம்மா பண்ணதுக்கு மன்னிப்புக் கேக்க நான் வரல. அத அம்மாதான் கேக்கணும், அவங்க இல்ல. அன்னிக்கு நான் என் புள்ள மூஞ்சிய மூடினேன் பாருங்க, அதுக்கு வந்தேன். அது என் கை. எனக்குப் பயமாத்தான் இருக்குது சித்தி, பஸ் ஏறினதுலேர்ந்து. இருந்தாலும் பாருங்க."

பொய் சொல்லாமல் பேசினாள். அந்த வீட்டில் முதல் ஆளாக.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். சின்னப் பிள்ளை மாதிரி. என் வயதுக்கு அது வெட்கக்கேடுதான், ஆனால் திறக்க முடியவில்லை. கவிதா குனிந்து அவனை என் மடியில் உட்கார வைத்தாள். கனமாக இருந்தான். பால் வாசனை. கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தான். அப்புறம் எச்சில் ஈரத்தோடு ஒரு கை என் கண்மேல் வந்து விழுந்தது. இமையைப் பிடித்து இழுத்தான். வலித்தது.

திறந்தேன்.

அவன் அழவில்லை. என் கண்ணையே பார்த்தான். இந்த நிறத்தில் அவன் வேறு கண் பார்த்திருக்க மாட்டான். இன்னும் கிட்டே வந்து, வாயைத் திறந்துகொண்டு பார்த்தான். நானும் பார்த்தேன். பிறந்ததிலிருந்து அவனை நான் முழுதாகப் பார்த்ததே அன்றைக்குத்தான். உன் மூக்கு அக்கா. அந்த நுனி மழுங்கல், அப்படியே உன் மூக்கு. அதைப் பார்த்ததும் உன்னைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, உன்னைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலவும் இருந்தது.

"அழகா இருக்கான்டி" என்றேன். வாய்விட்டு, சத்தமாகவே சொன்னேன். கவிதாவின் முகம் ஒரு நொடி வெளுத்தது. ஆனால் கையை நீட்டவில்லை. இரண்டு கையையும் மடியில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் எல்லோரும் சொல்வார்கள். செத்தவர்கள்மேல் கோபம் வைக்கக்கூடாது என்பார்கள். நான் மன்னிக்கவில்லை அக்கா. குழாயடியில் என் பக்கம் நின்றதும் நீதான், மாடியில் நின்று கட்டியதும் நீதான். இரண்டும் ஒரே ஆள் என்று என் மனசுக்கு இன்னும் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. தனத்தின்மேல் எனக்கு இப்போது கோபமே இல்லை. அவள் என் முகத்துக்கு நேரே செய்தாள்.

ஒரு சத்தியம் மட்டும் உனக்குச் செய்கிறேன். அவனுடைய முதல் பிறந்தநாளுக்குச் சத்துவாச்சாரிக்குப் போவேன். முன்னால் உட்காருவேன். யார் முந்தானையை இழுத்து மூடினாலும் தலை குனிய மாட்டேன். அவன் நடக்கிறதைப் பார்ப்பேன், பள்ளிக்கூடம் போகிறதைப் பார்ப்பேன். நடுவில் அவனுக்குக் காய்ச்சல் வரும், விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொள்வான், எல்லாப் பிள்ளைக்கும் வருகிறதெல்லாம் வரும். அன்றைக்குக் கவிதா என்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கும் போவேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முகத்தைப் பார்ப்பேன்.

உனக்கு நான் யார் என்பதை நீதான் சொல்லியிருக்க வேண்டும். அதனால் கீழே அதை மட்டும் எழுதவில்லை.

இப்படிக்கு,
கவிதாவுக்குச் சித்தி, உன் பேரனுக்குச் சின்ன ஆயா,
வசந்தா